இருண்ட திரை கற்பித்த பாடம்



ஆண்டுதோறும் இம்மலரில் தலைமையாசிரியர் என்ற முறையில் நல்லுரை சில கூறுவது என் வழக்கம். இவ்வாண்டு அறிவுரை கூற எனக்கு மனம் வரவில்லை. நான் செய்த பிழை ஒன்றையும், அப்பிழையிலிருந்து என்னை மீட்டவர்களையும் பற்றி எழுதுவதே முறை என்று கருதுகிறேன். மீட்டவர்களுள் ஒருவர் செம்பனை ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கும் தொழிலாளி. மற்றொருவன் அவருடைய பேரன். நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு பயில்பவன்.

நமது நூல்நிலையத்தின் மூலையில் பழைய கணினி ஒன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நன்கொடையாக வந்தது. அதில் இயங்குவது லினக்ஸ் மிண்ட் என்னும் இயக்குதளம். லினக்ஸின் கருவை 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். அதனை யாரும் இலவசமாகப் பெறலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். பின்னர் உலகெங்கும் பலர் கைகோத்து அதனை வளர்த்தனர். அவ்வழியில் 2006ஆம் ஆண்டு தோன்றியதே மிண்ட். பழைய கணினியையும் அது சுமையின்றி இயக்கும் என்பதால், வசதி குறைந்த நம்மைப் போன்ற பள்ளிகளுக்கு அது ஏற்றது.

அந்தக் கணினிக்குள்தான் நம் மாணவர்கள் திரட்டிய ஒரு செல்வம் இருந்தது. "மூத்தோர் குரல்" என்ற பெயரில், நம் தோட்டத்து முதியவர்கள் பன்னிருவரிடம் மாணவர்கள் சென்று, அவர்களுடைய பழைய நாள் நினைவுகளைக் கைப்பேசியில் பதிவு செய்து வந்தனர். பால்மரக் காடு செம்பனைக் காடாக மாறிய கதையும், பெரட்டுக் களத்தில் இருள் பிரியுமுன் வரிசையில் நின்ற கதையும், லயத்து வீடுகளின் கதையும் அதில் இருந்தன. கைப்பேசியில் இடம் நிறைந்துவிட்டதால், பதிவுகளைக் கணினிக்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியில் இருந்தவற்றை அழிக்கும்படி கூறியவன் நானே. வேறெங்கும் ஒரு படி எடுத்து வைக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தோன்றவில்லை. இதுவே என் முதற்பிழை.

அந்தப் பன்னிருவருள் ஒரு மூதாட்டி சென்ற ஆண்டு இயற்கை எய்தினார். அவருடைய பேத்தி நம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவி.

அந்த நாள்களில்தான் கணினித் திரையில் கோடுகள் தோன்றலாயின. திறந்து பார்த்தேன். படத்தைத் திரைக்கு அனுப்பும் வரைகலை அட்டையின் சிறு விசிறி தூசியடைத்து நின்றுபோயிருந்தது. குற்றம் அட்டையுடையதன்று, ஆண்டுக்கணக்கில் அதனைத் துடைக்காமல் விட்ட எங்களுடையது. பட்டணத்தில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவர், தாம் பயன்படுத்திய அட்டை ஒன்றை அன்போடு கொடுத்தார். பழையது என்விடியா வகை. வந்தது ஏஎம்டி ரேடியான் வகை. இரண்டும் ஒரே பொந்தில் பொருந்துபவை. பொருந்தினால் போதும் என்று எண்ணினேன்.

ஒரு சனிக்கிழமை காலை, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரம் நீங்கக் கணினியின் உலோகப் பெட்டியைத் தொட்டுக்கொண்டு, பழைய அட்டையைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினேன். மின்விசையைத் தட்டினேன். விசிறிகள் சுழன்றன. திரையோ, படக்குறிப்பு எதுவும் வரவில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு இருண்டது. பத்து முறை அணைத்து ஏற்றியிருப்பேன். பயனில்லை.

மாலையில் பட்டணத்துக் கடை ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசினேன். "கொண்டு வாங்க சார். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம். உள்ள இருக்கிற கோப்புக்கு நாங்க பொறுப்பு இல்ல" என்றார்கள். வேறு வழி தெரியாததால், திங்களன்று கொண்டு வருவதாக ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. காலையில் அந்த மாணவி தன் தாயாருடன் என் வீட்டு வாயிலில் நின்றாள்.

"ஐயா, அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். பிள்ளைங்க புடிச்ச குரல் பள்ளிக்கூடத்துல இருக்குன்னு இவ சொல்றா. அன்னைக்கு எல்லாரும் கேக்கணும்னு ஆசைப்படறோம்" என்றார் தாயார்.

சிறுமி ஒன்றும் பேசவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தருகிறேன் அம்மா" என்றேன். கணினி இருண்டு கிடக்கிறது என்றோ, நாளை அதனை அழிக்கக் கொடுக்கப்போகிறேன் என்றோ சொல்ல எனக்கு நா எழவில்லை. முப்பது ஆண்டுகளாக மாணவர்களிடம் உண்மை பேசுமாறு சொல்லி வந்தவன், அன்று ஒரு குழந்தையின் முன் உண்மையை மறைத்தேன். இது இரண்டாம் பிழை.

அவர்கள் சென்றபின் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஆலைக் குடியிருப்பில் இருக்கும் அந்தப் பெரியவரைத் தேடிச் சென்றேன். கொதிகலனும் சுழலியும் நின்றுவிட்டால் அவரைத்தான் நள்ளிரவிலும் எழுப்புவார்கள்.

"அண்ணே, ஒரு கணினி விசயம்" என்று தொடங்கினேன்.

அவர் சிரித்தார். "எனக்கு அது என்னான்னே தெரியாதே ஐயா. ஆனா இன்ஜின் நின்னுப்போச்சுன்னா நான் முதல்ல கேக்கிறது ஒண்ணுதான். கடைசியா கை வெச்சது எதுல? அதுக்கு முன்னாடி ஓடுச்சா?"

"ஓடியது. அட்டையை மாற்றினேன், அதன்பின் இருண்டுவிட்டது."

"அப்ப, மிச்சமெல்லாம் கெட்டுப்போச்சுன்னு யாரு சொன்னது? எதுக்கு எல்லாத்தையும் அழிக்கணும்?"

அக்கேள்வி என்னைச் சுட்டது. அன்று பிற்பகலே அவர் பேரனை அழைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார்.

முதலில் அவர் எதையும் தொடவில்லை. மின்சாரம் எங்கே நுழைகிறது, படம் எந்த வழியாக வெளியேறுகிறது என்று கேட்டு, பேரனை அந்த வழியை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். அட்டைக்கு மின்சாரம் போதுமா என்று வினவினார். பொந்தின் வழியாக ஓர் அட்டை 75 வாட் வரையில் பெறலாம்; அதற்கு மேல் வேண்டுமாயின் தனிக்கம்பி செருகவேண்டும். நமக்குக் கிடைத்தது சிறிய அட்டை. தனிக்கம்பிக்கு அதில் இடமே இல்லை. எனவே அது குறையன்று எனத் தெளிந்தோம்.

பேரன் கணினியின் பின்புறம் குனிந்து, திரையின் கம்பியைத் தடவிக்கொண்டே போனான். "ஐயா, கம்பி புது அட்டையிலே இல்லையே! மேலே இருக்கிற வேறே ஓட்டையிலே இருக்கு" என்றான்.

உண்மைதான். தாய்ப்பலகையில் அதே வடிவில் இன்னொரு துளை உண்டு. அவசரத்தில் கம்பியை அதில் செருகியிருந்தேன். தனி அட்டை பொருத்திய பெரும்பாலான கணினிகளில் படம் அட்டையின் துளை வழியாகவே வரும். கம்பியை மாற்றிச் செருகி, மின்விசையைத் தட்டினோம். தயாரிப்பாளரின் சின்னம் திரையில் பளிச்சிட்டது. நான் கைதட்டாத குறைதான். ஆனால் சின்னம் மறைந்து, சில எழுத்துகள் ஓடி, திரை இரண்டு மூன்று முறை கண் சிமிட்டி, மறுபடி இருண்டது.

எனக்கு மனம் சோர்ந்தது. பெரியவருக்கோ முகம் மலர்ந்தது. "பாதி வழி வந்துட்டோம் ஐயா. அட்டை நல்லாயிருக்கு, கம்பி நல்லாயிருக்கு, திரையும் நல்லாயிருக்கு. கோளாறு இதுக்கு அப்புறம்தான்" என்றார். எது கெட்டது என்று தெரியாதபோது, எவையெவை கெடவில்லை என்று ஒவ்வொன்றாக ஒதுக்கி வருவதும் முன்னேற்றமே என்று அன்று உணர்ந்தேன்.

பேரன் விசைப்பலகையில் பெரிய எழுத்துக்கான விசையை அழுத்தினான். சிறு விளக்கு எரிந்தது. மீண்டும் அழுத்தினான், அணைந்தது. "கணினி உயிரோடதான் இருக்கு ஐயா. முகத்தைத்தான் காட்ட மாட்டேங்குது" என்றான். அவன் சொன்னதைவிடத் தெளிவாக என்னால் அந்நிலையை விளக்கமுடியாது.

பிறகு, லினக்ஸ் நன்கறிந்த ஆசிரிய நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் முதலில் ஒரு சோதனை கூறினார். கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்திருந்தால், சில கணினிகளில் எஸ்கேப் விசையைத் தட்டினால், குரப் என்னும் தொடக்கப் பட்டியல் தோன்றும். அதில் 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் 'நோமோட்செட்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, எஃப் 10 விசையால் தொடங்கச் செய்யவேண்டும். திரையின் அமைப்பைக் கருவானது தன் கையில் எடுத்துக்கொள்ளாமல், எளிய முறையிலேயே காட்ட அச்சொல் கட்டளையிடுகிறது. அட்டையின் இயக்கி முரண்டு பிடிக்கும் இடங்களில் அது பலருக்கு வெளிச்சம் தந்திருக்கிறது. நமக்குத் தரவில்லை. ஆயினும் அச்சோதனையில் ஒரு நன்மை உண்டு. பட்டியலில் செய்யும் அம்மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே. அடுத்த முறை தொடங்கும்போது பழையபடி ஆகிவிடும். பயனில்லையாயினும் தீங்கில்லை. சோதனை என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும்.

அடுத்து, கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தச் சொன்னார். கருந்திரையில் வெள்ளை எழுத்துகள் தோன்றிப் பயனர் பெயர் கேட்டன! படங்களும் சாளரங்களும் இல்லாத, எழுத்து மட்டுமே உள்ள வாயில் அது. முன்வாசல் பூட்டிக் கிடக்கும்போது சமையற்கட்டுக் கதவு திறந்திருந்தது போன்ற மகிழ்ச்சி எனக்கு. கடவுச்சொல்லைத் தட்டியபோது திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. பேரன் பதறினான். பிறர் பார்க்காதிருக்க அது அவ்வாறே மறைக்கப்படும் என்று நண்பர் தெளிவித்தார்.

உள்ளே நுழைந்ததும் நாங்கள் செய்த முதற்செயல், "மூத்தோர் குரல்" உறையைத் திறந்து பார்த்தது. பன்னிரண்டு கோப்புகளும் ஒன்று குறையாமல் வரிசையில் நின்றன. அப்போதுதான் எனக்கு ஓர் உண்மை உறைத்தது. அட்டை மாறியதால் அக்குரல்களுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. அவை வன்தட்டில் பத்திரமாகவே இருந்தன. ஆபத்து வரவிருந்தது என் அவசரத்தால்தான். திங்களன்று கடைக்குச் சென்றிருந்தால், முகத்தில் பட்ட கறைக்காக உயிரையே நீக்கியிருப்பேன்.

வேறெதையும் தொடுமுன், நண்பர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, பேரன் தட்டச்சு செய்ய, பன்னிரண்டையும் ஒரு விரலிச் சேமிப்பில் படியெடுத்தோம். அதன்பிறகே பழுது தேடினோம்.

திரைப்பணியைச் செய்யும் எக்ஸார்க் என்னும் நிரல், தான் செய்வதையெல்லாம் நாட்குறிப்பு போல ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. பிழை நேர்ந்த வரிகளின் முன்னே ஆங்கில 'ஈ' எழுத்து இரண்டு முறை இடப்பட்டிருக்கும். "ஐயா, இங்கே ரெண்டு ஈ உட்கார்ந்திருக்கு!" என்று பேரன் கூவினான். சிரித்துக்கொண்டே அவ்வரிகளைப் படித்தோம். என்விடியா இயக்கியை ஏற்ற முடியவில்லை என்றது ஒன்று. திரை எதுவும் காணப்படவில்லை என்றது மற்றொன்று.

என்விடியா அட்டையோ கழற்றப்பட்டு மேசைமேல் கிடக்கிறது. ஏன் அதனைத் தேடவேண்டும்? காரணம், முன்பு இக்கணினியை அமைத்தவர், பழைய அட்டைக்கான அமைப்புகளை 'எக்ஸார்க் டாட் கான்ஃப்' என்னும் கோப்பில் சேமித்திருந்தார். இன்ன இயக்கியையே பயன்படுத்துக என்று அதில் எழுதியிருந்தது. அட்டை மாறியது, எழுத்து மாறவில்லை.

பெரியவருக்கு இதனை விளக்க நான் வார்த்தை தேடுமுன், அவரே சொன்னார்: "புரிஞ்சுபோச்சு ஐயா. பெரட்டுல கிராணி பழைய பேரேட்டை வெச்சுக்கிட்டு, வேலையை விட்டுப் போன ஆளு பேரையே கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு. புது ஆளு எதிர்லதான் நிக்கிறான். பேரைக் கூப்பிடாததால அவன் வேலைக்கு எறங்கல."

இதனினும் சிறந்த விளக்கத்தை நான் எந்நூலிலும் கண்டதில்லை. புதிய ஆளும் திறமையற்றவனல்லன். ஏஎம்டி அட்டைகளுக்கான திறந்த இயக்கிகள் லினக்ஸ் கருவோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றுள் 'ஏஎம்டி-ஜிபியு' என்பது 2015இல் வெளியான 4.2ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. பேரேடு எதுவும் இல்லையானால், எக்ஸார்க் தானே சுற்றிப் பார்த்து, இருக்கும் அட்டையைக் கண்டு, தக்க இயக்கியைத் தேர்ந்துகொள்ளும். நாம் தடுக்காமல் இருந்தால் போதும்.

அக்கோப்பை அழிக்கட்டுமா என்று கேட்டேன். "அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள். தவறு நம் பக்கம் என்றால் திரும்பி வர வழி இருக்கவேண்டும்" என்றார் நண்பர். கோப்பின் பெயரோடு 'பழையது' என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்துவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்கினோம். சின்னம் வந்தது. எழுத்துகள் ஓடின. திரை ஒருமுறை சிமிட்டியது. பிறகு நுழைவுத் திரை, முழு அளவில், தெளிவான வண்ணத்தில் மலர்ந்தது. பழைய அட்டைக்கான இயக்கி இனித் தேவையில்லை என்பதால், இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த பிறகு அதனை முறைப்படி நீக்கினோம்.

மாலை மங்கும் வேளையில் அந்த மூதாட்டியின் குரலை ஒலிக்கச் செய்தேன். சிறுமியாக இருந்தபோது, தம்பியை இடுப்பில் தாங்கிக்கொண்டு இதே பள்ளியின் சன்னலுக்கு வெளியே நின்று எழுத்துகளைக் கற்றுக்கொண்டதாக அவர் கூறியிருந்தார். உள்ளே வர அனுமதி இல்லையா என்று நம் மாணவர் கேட்க, "அனுமதி இருந்துச்சு கண்ணு. தம்பியை யாரு பாத்துக்கிறது?" என்று சிரிக்கிறார். பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் மூவரும் இறுதிவரை பேசவில்லை.

அன்றிரவே அந்த மாணவியின் வீட்டுக்குச் சென்று, பதிவைக் கொடுத்தேன். காலையில் நான் மறைத்ததையும் கூறி மன்னிப்புக் கேட்டேன். தாயார், "அதான் கெடைச்சிருச்சே ஐயா" என்று தேநீர் கொடுத்தார். சிறுமி மட்டும், "இன்னொரு தடவை தொலைஞ்சு போவாதுல்ல ஐயா?" என்று கேட்டாள்.

அக்கேள்விக்கு விடையாகவே இதனை எழுதுகிறேன். இப்போது அக்குரல்கள் மூன்று இடங்களில் உள்ளன: பள்ளிக் கணினியில் ஒன்று, அலுவலக அலமாரியில் தனி வன்தட்டில் ஒன்று, பள்ளிக்கு வெளியே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடம் ஒன்று. பள்ளிக்கே வெள்ளமோ நெருப்போ நேர்ந்தாலும் மூன்றாவது தப்பும். அம்மகளுக்கு நான் கொடுத்த வாக்கு இது.

மாணவமணிகளே! உங்கள் வாழ்விலும் திரை இருளும் நாள் வரும். தேர்வில் மதிப்பெண் குறையலாம். நண்பனோடு மனம் முறியலாம். வீட்டில் தொல்லை நேரலாம். அப்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று அவசரப்படாதீர்கள். கடைசியாக மாறியது எது என்று பாருங்கள். கெடாதவை எவை என்று எண்ணுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். திரும்பி வர வழி வைத்துக்கொண்டு மாற்றுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் கேளுங்கள். அவர் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு இருந்தாலும், உங்களைவிட இளையவராக இருந்தாலும் கேளுங்கள்.

பெற்றோர்களே, தோட்டத்துப் பெருமக்களே! ஆலையிலும் காட்டிலும் நீங்கள் கைப்பழக்கமாகக் கற்ற அறிவு சிறிதன்று. பள்ளிக்கு வாருங்கள், அதனை எம் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இம்மலரின் "மூத்தோர் குரல்" பகுதியை உங்கள் வீட்டு முதியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். சொல்லாமல் விட்டது ஏதேனும் அவர்களுக்கு நினைவு வந்தால், எங்களுக்குத் தெரிவியுங்கள். கைப்பேசியோடு மாணவர்கள் வருவார்கள்.

வாழ்க நம் பள்ளி! வளர்க நற்றமிழ்!